மூச்சை இழுங்க, பிடிங்க

புரசைவாக்கத்தில் நகைக்கடைக்குப் பக்கத்துச் சந்து,
மாடி ஏறினால் எங்கள் ஸ்கேன் சென்டர்.
காலை எட்டிலிருந்து மாலை நாலுவரை
எனக்கு ஒரே வசனம்:
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.

பிலிம் எல்லாம் எப்போதோ போய்விட்டது.
இங்கேயும் கணினி, தியேட்டரிலும் கணினி.
பிலிம் மிச்சமிருப்பது இரண்டே இடத்தில்:
"மேடம், பிலிம் குடுக்கலியே" என்னும் நோயாளிகள் வாயிலும்,
நான் படம் பற்றி ஆரம்பித்தாலே
"ரொம்பப் பிலிம் காட்டாதே" என்னும்
ரிசப்ஷன் பௌசியா வாயிலும்.

அவளிடம் சொல்லாமல் விட்டவை இவை.

ராயபுரத்தில் காலைக் காட்சி.
நாயகன் வந்திறங்கியபோது பறந்த காகிதத்தில் பாதி
என் சமோசாவில் விழுந்தது.
பக்கத்து சீட்டுப் பையன் அடித்த விசிலில்
இடது காது மதியம்வரை வேலை செய்யவில்லை.
பன்னிரண்டு பேரைத் தூக்கி வீசினான்.
நான் விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அப்படி விழுந்தவன் எழுந்து ஓட முடியாது,
ஆறாவது விலா நுரையீரலைக் குத்தியிருக்கும்.
ஆனாலும் கைதட்டினேன்,
பொய் சொல்வானேன்.

ஆழ்வார்பேட்டையில் குளிரூட்டிய சின்ன அரங்கு,
என்னைச் சேர்த்துப் பதினொரு பேர்.
பனி கொட்டும் ஏதோ தேசத்துப் படம்.
ஒருவர் ஏழு நிமிடம் குடையை உலர்த்துகிறார்.
நாலாவது நிமிடத்தில் யாருடைய வயிறோ உறுமியது.
ஆறாவதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.
முடிந்ததும் கலந்துரையாடல் என்றார்கள்,
ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று
கழிவறைப் பக்கம் போவதுபோல் நழுவினேன்.

எழும்பூரிலிருந்து குரோம்பேட்டைவரை ரயிலில்,
செல்போனில், தொண்ணூறுகளின் காதல்.
சைதாப்பேட்டையில் சிக்னல் போனது.
ஆற்றுப் பாலம் முழுக்க
மழையில் கைநீட்டியபடி நின்றார்கள் இருவரும்
சுற்றும் சக்கரத்துக்குப் பின்னால்.
தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்,
மடியில் டிரில் மெஷின் பை,
பரங்கிமலையில் எழுந்தபோது கேட்டார்:
"சேந்துடுவாங்களாம்மா?"
தெரியலண்ணா, பாதிதான் ஆகியிருக்கு.
"சேத்து வெச்சுடுவானுங்க" என்று
எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கினார்.

டப்பிங் படத்தில் செவ்வாய்க்கிரகத்துக்காரன்
"இன்னா நைனா" என்கிறான்.
மூன்றாவது கண்ணில் எக்ஸ்ரே பார்வையாம்.
சர்டிபிகேட் இல்லாமல்
எங்கள் சென்டரில் எடுக்க மாட்டார்கள்.

பேய்ப்படத்தில் பேய் வருமுன் கரண்ட் போய்விட்டது.
மீதிப் பயத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

பிறகு, ஞாயிறு இரவு,
அம்மா பிறப்பதற்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளை.
நாயகியின் தோழி விஷம் குடித்து இறக்கிறாள்.
தலைமாட்டில் நின்று நாயகன் பாடுகிறான்,
மூன்று சரணம்.
அவள் முகத்தை யாரும் காட்டவில்லை.
ஆனால் திரையின் கீழ் மூலையில்
அந்தச் சேலையின் சரிகைக்கரை
இரண்டாவது சரணத்தில் மெல்ல ஏறியது.
இறங்கியது.

அசையாதீங்கம்மா, என்றேன் வாய்விட்டு.
பழக்கதோஷம்.

நாலு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
பல்லவிவரை பிடித்திருக்கிறாள்,
முதல் சரணமும் தாண்டியிருக்கிறாள்.
எழுபது வருஷத்துக்கு முந்தைய விளக்குச் சூட்டில்
மூடிய இமைக்குள் என்ன எண்ணிக்கொண்டிருந்தாளோ.
பெயர்ப்பட்டியலில் தேடினேன், இல்லை.
இந்நேரம் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருப்பாள்.
சுற்றி நின்று அழுதவர்கள் எல்லாம் நடித்தார்கள்.
செத்தவள் மட்டும்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பார்த்த படத்துக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று
பழைய நோயாளிப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுவேன்.
இதற்கு எதிரே தேதி மட்டும் இருக்கிறது.

திங்கள் காலை, டோக்கன் நாலு.
லோடு வேன் ஓட்டுபவர், மூன்று வாரமாக இருமல்.
பிடிங்க என்றதும் இருமிவிட்டார்.
திரையில் நுரையீரலின் அடிவிளிம்பு
கலைந்து, இரண்டு கோடாக.
அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், அதுதான் விதி.
அழிக்கவா என்று கணினியும் கேட்டது.
அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேல் கோடு, ஏறியபோது.
கீழ்க் கோடு, இறங்கியபோது.

அழித்தேன்.
ஒண்ணுமில்லண்ணா, இன்னொரு தடவை.
மூச்சை இழுங்க.
பிடிங்க.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து,
எவ்வளவு நேரம் கழித்தோ,
திணறிக்கொண்டே ஒரு குரல்:
"விட்டுடலாமா மேடம்?"